பழைய போலிஸ் கார் எப்போது ‘கிளாசிக்’ ஆகிறது? சிங்கப்பூரில் வாங்க நினைப்போருக்கு ஒரு வழிகாட்டி

கூரை மேல் நீல விளக்கு, பக்கவாட்டில் வண்ணப் பட்டை, கதவில் ஒரு சின்னம். இவை மூன்றையும் பார்த்துவிட்டு இது அசல் போலிஸ் கார்தான் என்று நம்பிப் பணத்தை நீட்டுகிறவர்கள் பலர். ஒரு பட்டறையும் ஒரு ஸ்டிக்கர் கடையும் சேர்ந்தால் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் ஒட்டிக் கொடுத்துவிடும். அந்தக் குறிப்பிட்ட சேஸி எண் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்) எந்தக் காவல் படையில், எந்த ஆண்டுகளில், என்ன வேலைக்கு ஓடியது என்பதை மட்டும் ஒட்டிக் கொடுக்க முடியாது. வயது ஒரு வண்டியைச் சட்டப்படி கிளாசிக் ஆக்கும். சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுப்பதோ அந்த ஓட்டத்துக்கான ஆதாரத்துக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகச் சரிபார்ப்பது எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதல் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

எத்தனை வயதானால் கிளாசிக் என்பதற்கு உலகத்துக்கே பொதுவான எண் கிடையாது. பழங்கார்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டு என்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டாமல், வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பாதுகாத்திருக்கவும் வேண்டும் என்று அது சேர்த்துச் சொல்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 25 ஆண்டு போதும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்தால்தான் சாலை வரி விலக்கு. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் ‘கிளாசிக்’ என்று எழுதியிருந்தால் அது அவர் ஊர்க் கணக்கு.

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் சேர, முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து 35 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 2026இல் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் 1991இலோ அதற்கு முன்போ பதிவான வண்டி. மாதமும் நாளும் கணக்கில் வரும், ஆகவே ‘1991 மாடல்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். 1940 ஜனவரி 1க்கு முன் தயாரானவை விண்டேஜ் என்ற வேறு திட்டத்தில் வரும். அந்தக் காலத்துப் போலிஸ் வண்டி புதியவர் கைக்கு வருவது அரிது என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இந்த 35க்கு ஒரு கூர்மையான பக்கம் உண்டு. பழைய காரை இங்கே சாதாரணமாக இறக்குமதி செய்ய வேண்டுமானால் அதன் வயது மூன்றுக்குள் இருக்க வேண்டும். மூன்றைத் தாண்டி முப்பத்தைந்தைத் தொடாத வண்டிக்கு நம் துறைமுகத்தில் கதவு மூடியே இருக்கும். 2005ஆம் ஆண்டின் அருமையான போலிஸ் கார் ஒன்று ஆஸ்திரேலியாவில் மலிவாகக் கிடைக்கலாம். அதை இங்கே கொண்டுவர 2040 வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கி அங்கேயே கொட்டகை வாடகை கட்டிக்கொண்டு வயது ஏறக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு என்றால் சரி, அதற்கு மேல் வாடகையே வண்டியைத் தின்றுவிடும்.

உள்ளூர்ப் போலிஸ் காரே கிடைக்காதா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். கிடைப்பது மிக அரிது, காரணமும் எளிது. இங்கே பதிவு நீக்கப்பட்ட காரை ஒரு மாதத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட கழிவுக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது நாட்டை விட்டு அனுப்ப வேண்டும். வேறு நாடுகளில் வயல் ஓரத்தில், கொட்டகை மூலையில் முப்பது வருடம் மறந்து கிடக்கும் வண்டிக்கு நம் ஊரில் இடமே இல்லை. அதனால் 1980களின் சிங்கப்பூர்ப் போலிஸ் கார் என்று யாராவது ஒன்றைக் காட்டினால், மகிழ்ச்சி வருவதற்கு முன் சந்தேகம் வரட்டும். அது அதே மாடல் தனியார் காருக்கு வண்ணம் பூசியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: எந்த வகை என்று பெயர் வையுங்கள்

விற்பனைக்கு வரும் ‘போலிஸ் கார்கள்’ நான்கு வகை. ஆதாரத்தோடு பணியில் ஓடியது, கருவிகளும் அப்படியே இருப்பது உச்சம். ஆதாரம் இருக்கிறது, ஆனால் கருவிகளைக் கழற்றி வேறு வண்ணம் பூசி விற்றுவிட்டார்கள் என்பது அடுத்தது. மூன்றாவது, தொழிற்சாலையில் போலிஸ் அமைப்போடு தயாரானது ஆனால் எந்தக் காவல் படையிலும் ஓடியதற்குச் சான்று இல்லாதது. கடைசி, வெறும் வேடம்.

புதியவர்கள் பெரும்பாலும் நான்காவதை முதலாவதின் விலைக்கு வாங்குகிறார்கள், இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை. கருவி கழற்றிய வண்டிதான் நல்ல பேரம். விளக்கையும் சைரனையும் பின்னால் தேடி வாங்கிப் பொருத்தலாம். வரலாற்றை அப்படி வாங்கிப் பொருத்த முடியாது.

மூன்றாம் வகையில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் அடையாள எண்ணில் ஐந்து முதல் ஏழாம் இடம் வரை ‘பி71’ என்று இருந்தால் அது போலிஸ் கட்டமைப்பு. ஷெவர்லே கப்ரீஸில் பின்பெட்டி ஸ்டிக்கரில் ‘9சி1’ என்ற குறியீடு. இவை தொழிற்சாலை என்ன செய்தது என்பதைத்தான் சொல்கின்றன. வண்டி எங்கே போனது என்பதைச் சொல்வதில்லை. அதே கட்டமைப்பில் காவல்துறை அல்லாத அரசு அலுவலகங்களுக்குப் போனவையும் உண்டு. குறியீடு கதவைத் திறக்கும் சாவி, அவ்வளவே. இந்த அமெரிக்க வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால், மனம் அங்கே போனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வண்டிகளோடு தொடங்குவது தலைவலியைப் பாதியாகக் குறைக்கும். ஜப்பானும் வலப்பக்கம்தான், ஆனால் அங்கே பணி முடிந்த போலிஸ் கார்களைப் பெரும்பாலும் நொறுக்கிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் ஜப்பானியப் போலிஸ் கார் விற்பனைக்கு வந்தால் அது வேடம் என்று வைத்துக்கொண்டே விசாரியுங்கள்.

மூன்றாம் படி: காகிதம்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சேஸி எண்ணின் தெளிவான படம். இரண்டாவது, அந்த எண்ணைக் காவல் படையோடு இணைக்கும் ஏதாவது ஒரு தாள். பதிவுப் புத்தகத்தில் முதல் உரிமையாளராகக் காவல் படையின் பெயர், ஏல விற்பனைச் சீட்டு, வாகனப் பிரிவின் பராமரிப்பு அட்டை, பணிக்காலத்தில் எடுத்த படம் ஆகியவற்றில் ஒன்று. படம் என்றால் அதில் பதிவெண் தெரிய வேண்டும். ‘இதே மாதிரி வண்டி’ படங்கள் ஆதாரம் ஆகா.

பிரிட்டிஷ் வண்டிகளில் ஒரு வசதி உண்டு. அங்கே முதல் பதிவெண் பெரும்பாலும் வண்டியோடே கடைசி வரை போகும். ஆகவே பழைய புகைப்படத்தில் உள்ள எண்ணை வைத்தே வண்டியைப் பிடித்துவிடலாம். ஆஸ்டின், மோரிஸ், ரோவர், டிரையம்ஃப் போன்றவற்றுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் மரபுச் சான்றிதழ் தருகிறது. தயாரான நாள், அசல் நிறம், எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்பவை அதில் இருக்கும். ஜாகுவார், டெய்ம்லர் வண்டிகளுக்கு அவற்றின் சொந்த மரபு அறக்கட்டளை. சான்றிதழில் ‘வெள்ளை’ என்றும் விற்பவர் ‘முதலிலிருந்தே கறுப்பு’ என்றும் சொன்னால், சான்றிதழை நம்புங்கள்.

விற்பவர் “காகிதம் எல்லாம் இருக்கிறது, வண்டி கைமாறியதும் தருகிறேன்” என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: உடம்பில் உள்ள தழும்புகள்

காகிதத்தைப் போலியாக அச்சடிக்கலாம். பத்து வருடம் போலிஸ் வேலை பார்த்த உடம்பைப் போலியாகச் செய்வது கடினம். நேரில் பார்க்க முடியாவிட்டால் அந்த ஊரில் ஒரு பரிசோதகரை அமர்த்தி, கீழே சொல்லும் இடங்களை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பளபளக்கும் முகப்புப் படங்கள் பத்து வந்தாலும் பயனில்லை.

கூரையில் தொடங்குங்கள். உள்விதானத் துணியின் ஓரத்தைத் தளர்த்தி, டார்ச் அடித்துக் கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். விளக்குக்கும் ஏரியலுக்கும் போட்ட துளைகள் இருக்கும், அல்லது அவற்றை வெல்டு செய்து அடைத்த வட்டத் தழும்பு இருக்கும். அசல் துளையைச் சுற்றிப் பழைய மெழுகுப் பசை காய்ந்து வெடித்திருக்கும், வளையமாகத் துரு படிந்திருக்கும், வெட்டி விட்ட கம்பியின் நுனி எங்காவது தொங்கும். துளையின் விளிம்பு வெள்ளியாய் மின்னினால், துருப்பிடிக்காத புது போல்ட் இருந்தால், கம்பியில் தூசே இல்லையென்றால், அது போன மாதம் போட்ட துளை.

அடுத்தது வயரிங். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த கம்பி, அதற்கென்று தனி ஃபியூஸ், டேஷ்போர்டுக்கு அடியில் கூடுதல் ரிலேக்கள். பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே பின்னல் கம்பிப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினின் மின்னிரைச்சல் வானொலியில் கேட்காமல் இருக்க அதைப் போடுவார்கள். வேடம் போடுகிறவர்களுக்கு இந்தப் பட்டை நினைவுக்கே வராது. உள்ளே இரவு வெளிச்சம் தெரியாமல் இருக்க, கதவைத் திறந்தால் எரியும் விளக்கின் இணைப்பைத் துண்டித்திருப்பதும் இப்படி ஒரு நல்ல அடையாளம்.

ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஒரு நாளில் பல முறை ஏறி இறங்கிய கதவின் கீல் தேய்ந்து ஆடும். நான்கு கதவும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கீல் மாற்றியிருக்க வேண்டும் அல்லது வண்டி குடும்பக் காராக வாழ்ந்திருக்க வேண்டும். வேகமானியின் முகத்தில் அளவு சரிபார்த்ததற்கான சொல் அச்சாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். பல நாடுகளின் ரோந்து வண்டிகளில் அது உண்டு.

பெயின்ட்டை வெயிலில் சாய்வாகப் பார்க்க வேண்டும். எழுத்துகளும் பட்டைகளும் ஒட்டியிருந்த இடத்தில் பெயின்ட் வெயில் படாமல் வேறு சாயலில் இருக்கும். பழைய எழுத்தை அப்படியே படித்துவிடலாம். மறுபூச்சு செய்திருந்தால் பின்பெட்டி ரப்பருக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் அசல் நிறம் மிஞ்சியிருக்கும்.

ஓடிய தூரத்தை மட்டும் வைத்து எஞ்சினை எடை போடாதீர்கள். போலிஸ் கார் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோர்டு தன் போலிஸ் வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கில் ஒரு மணி நேரம் நின்று ஓடுவது சுமார் 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். மீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டர் காட்டினாலும் எஞ்சினின் உள்ளே அதைவிட மிக அதிகமான தேய்மானம் இருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் கூடிய சிலிண்டருக்கும் குறைந்த சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி.

காலத்துக்குப் பொருந்தாத அலங்காரம் இன்னொரு துப்பு. பிரிட்டனின் மஞ்சள் நீலக் கட்டங்கள், பேட்டன்பர்க் என்பார்கள், 1990களின் நடுவில்தான் உருவாயின. 1984 வண்டியில் அந்தக் கட்டங்கள் இருந்தால் ஒட்டியவருக்கு வரலாறு தெரியவில்லை என்று பொருள். அந்தக் காலத்து நெடுஞ்சாலை ரோந்துக் கார்கள் வெள்ளை உடலில் நடுவே சிவப்புப் பட்டையோடு ஓடின. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஜாம் தடவியது போல இருந்ததால் ‘ஜாம் சாண்ட்விச்’ என்றே மக்கள் அழைத்தார்கள். எல்.ஈ.டி. விளக்குப் பட்டையை 1970களின் வண்டியில் பார்த்தாலும் இதே கதைதான்.

ஐந்தாம் படி: எந்த மாடல், என்ன நோய்

புதியவருக்கு இரண்டு வண்டிகள் நல்ல பாடம். ஒன்று ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கொமடோர் விஎல் டர்போ, 1986 முதல் 1988 வரை. போலிஸ் கட்டமைப்புக்கு ‘பிடி1’ என்று பெயர். எஞ்சின் நிசானின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ. வயது நம் 35ஐத் தாண்டிவிட்டது, ஸ்டியரிங் வலப்பக்கம், உதிரிபாகம் கிடைக்கிறது. இதே காரணங்களால் போலியும் அதிகம். சாதாரண விஎல்லுக்கு டர்போ எஞ்சின் மாற்றி, ‘பிடி1’ என்று விற்பது அங்கே பழைய வித்தை. எஞ்சின் எண்ணும் உடல் தகடும் ஒத்துப்போகாவிட்டால் விலையில் பெருந்தொகை குறைய வேண்டும்.

விஎல்லின் பரம்பரை நோய் சூடேறிச் சிலிண்டர் ஹெட் வெடிப்பது. ரேடியேட்டரின் மேல்மட்டம் எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்வாக இருப்பதால், தண்ணீர் நிரப்பும்போது காற்று மேலே ஹெட்டில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் உலோகம் காய்ந்து வெடிக்கும். குளிர்நீர் மாற்றும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி நிற்கும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். ஒரு முறை ஓட்டி, முழுவதும் ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் நெரிசலில் நிற்கும் நம் ஊர் ஓட்டத்துக்கு இந்த ஒரு வேலையைச் சோம்பலில்லாமல் செய்தாக வேண்டும்.

இன்னொன்று பிரிட்டனின் ரோவர் எஸ்டி1, 1976 முதல் 1986 வரை, 3,528 சிசி வி8 எஞ்சினோடு. 1987 மே 8 அன்று ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து லண்டனின் குரோம்வெல் மருத்துவமனைக்கு மாற்று அறுவைக்கான கல்லீரலை, சுமார் 27 மைலை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கொண்டுசேர்த்தது இந்த வகை லண்டன் போலிஸ் கார். அந்த ஓட்டத்தின் காணொளியைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே பிடிக்கிறது. ஆசையோடு துருவும் சேர்ந்து வரும். கதவுக்குக் கீழே ஓடும் சில், சக்கர வளைவு, பின்கதவின் கீழ்விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது துருவை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. வி8இல் எண்ணெய் மாற்றாமல் விட்டால் கசடு சேர்ந்து கேம் தண்டு தேயும். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவது நியாயமான அளவு.

சிறிதாக வேண்டும் என்பவர்களுக்கு 1960களின் ‘பாண்டா’ கார்கள்: நீலமும் வெள்ளையுமாக ஃபோர்டு ஆங்கிலியா, மோரிஸ் மைனர். எளிய எஞ்சின், சிறிய இடம். அந்தப் பத்தாண்டின் முற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் இன்றைய டேஷ்கேமராவைப் பொருத்தினால் கேமரா போய்விடும். 1998இல் இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஈயத்துக்காகச் செய்த மென்மையான வால்வு இருக்கைகள் இன்றைய பெட்ரோலில் தேயும். ஹெட்டைத் திறக்கும் நாளில் கடினப்படுத்திய இருக்கை போட்டுவிடுங்கள், அதுவரை ஈயத்துக்கு மாற்றான சேர்மத்தைப் பெட்ரோலில் ஊற்றி ஓட்டலாம்.

ஆறாம் படி: கொண்டுவருவதும் பதிவதும்

வரிசை முக்கியம். வண்டியை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். முதலில் ஆணையத்திடம் அந்தச் சேஸி எண்ணுக்கு, அந்தப் பதிவு நாளுக்குத் திட்டத்தில் இடமுண்டா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு வெளிநாட்டுப் பதிவை நீக்கிய சான்று, விலைச் சீட்டு, கப்பல் சரக்கு ஆவணம் ஆகியவற்றைச் சேருங்கள். சுங்க அனுமதியை ஒரு அறிவிப்பு முகவர் வழியாக எடுப்பது எளிது.

பணக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வண்டி விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் சேர்த்து 20,000 வெள்ளி. 20 விழுக்காட்டு உற்பத்தித் தீர்வை 4,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 24,000க்கு 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி 2,160. பதிவுக் கட்டணமும் கூடுதல் பதிவுக் கட்டணமும் தொடங்குவதற்கு முன்பே 26,160 வெள்ளி. வண்டி விலையைக் குறைத்துக் காட்டித் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சுங்கத்துறை சந்தை மதிப்பை அறியாத இடமல்ல.

திட்டத்தில் சேர்ந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் ஓட்ட முடியாது. எட்டு நாளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றே கெடாமல் இருக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் 26 நாள் போய்விடும். கண்காட்சி, பட்டறை, நண்பர்களோடு ஒரு சுற்று என்று மீதி 19 நாள். ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது. காப்புறுதியில், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையைக் கேளுங்கள். சாதாரண முறையில் விபத்து நடந்தால் நாற்பது வருட இரும்புக்கு என்ன விலையோ அதுதான் கைக்கு வரும், போலிஸ் வரலாற்றுக்கு ஒரு காசும் வராது.

ஏழாம் படி: பின்பெட்டியைக் கப்பலுக்கு முன்பே காலி செய்யுங்கள்

வெளிநாட்டு விற்பனையாளர் அன்பாக ‘முழு செட்’ என்று பின்பெட்டியில் கைவிலங்கு, குண்டாந்தடி, குண்டு துளைக்காத சட்டை எல்லாம் வைத்து அனுப்புவார். கைவிலங்கும் குண்டு துளைக்காத ஆடையும் சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்யக்கூடாத கட்டுப்பாட்டுப் பொருள்கள். ஒரு கைவிலங்குக்காக மொத்த வண்டியும் துறைமுகத்தில் நிற்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய போலிஸ் வானொலிக் கருவிக்கும் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகள் உண்டு. உள்ளே உள்ள மின்பலகையை அங்கேயே கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொண்டுவந்தால் டேஷ்போர்டில் பார்வைக்கு அதுவே போதும்.

இங்கே சாலையில் அவசர வாகனம் அல்லாத வண்டியில் சுழலும் நீல, சிவப்பு விளக்கையும் சைரனையும் பயன்படுத்தக் கூடாது. சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பது போதாது. விளக்கின் மின்சாரத்தையே துண்டித்து, மேலே கறுப்பு உறை போட்டு மூடுங்கள். கதவில் உள்ள ‘போலிஸ்’ எழுத்தைக் காந்தத் தகட்டால் மறைக்கலாம். வெளிநாட்டுப் படையின் சின்னம்தானே என்று அலட்சியம் வேண்டாம். நெரிசலில் பக்கத்தில் வருபவர் பார்ப்பது எழுத்தை மட்டும்தான், அது எந்த நாடு என்று யோசிக்க மாட்டார். பொது ஊழியர் போல ஆள்மாறாட்டம் செய்வது தண்டனைச் சட்டத்தின் 170ஆம் பிரிவில் குற்றம். விளையாட்டுக்காக யாரையாவது ஓரம் கட்டச் சொல்லும் நண்பரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய சிங்கப்பூர்ப் போலிஸ் கார் போலச் செய்து, போலிஸ், குடிமைத் தற்காப்புப் படை வாகனங்களில் வரும் ‘கியூஎக்ஸ்’ எண்தகட்டை மாட்டிக்கொண்டு சாலையில் இறங்குவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். போலிச் சின்னத்தோடு போலி எண்தகடும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தகடு வேண்டுமானால் வீட்டுச் சுவரில் மாட்டலாம்.

வண்ணத்தை மாற்றினால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டையையும் கதவு நிறத்தையும் மீட்டெடுக்கத் திட்டமிருந்தால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வடிவத்தை வரைந்து காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்தபின் அழிக்கச் சொன்னால் செலவு இரட்டிப்பு.

எட்டாம் படி: மீட்டெடுப்பதில் கையை அடக்குங்கள்

வண்டி வந்ததும் எல்லாவற்றையும் பளபளப்பாக்கத் தோன்றும். கூரைத் துளையை அடைத்து, வெட்டிய கம்பியைப் பிடுங்கி, டேஷ்போர்டின் திருகுத் துளைகளை மூடி அழகாக்கினால், நான்காம் படியில் நாம் தேடிய ஆதாரம் அத்தனையும் குப்பைக்குப் போய்விடும். முதலில் எல்லாத் தழும்புகளையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கம்பிகளை வெட்டாமல் நுனியைக் காப்பிட்டுச் சுருட்டி வைத்து, எது எங்கிருந்து வருகிறது என்று சீட்டுக் கட்டுங்கள்.

இந்தப் பழைய கம்பிகளால் வரும் வழக்கமான தொல்லை, இரவோடு இரவாகப் பேட்டரி இறங்குவது. கண்டுபிடிக்க வழி எளிது. பேட்டரியை முழுக்க ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து முனைக்கும் கம்பிக்கும் இடையே இணையுங்கள். 50 மில்லியாம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. எந்த ஃபியூஸுக்கும் விழாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக வரும் போலிஸ் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

வீவக அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் மின்செருகி இல்லாததால் பேட்டரிச் சார்ஜரை நம்ப முடியாது. நெகட்டிவ் முனையில் கைச்சுவிட்சு ஒன்று போட்டு, நிறுத்தியதும் துண்டிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரில் விரைவுச்சாலையில் ஏறாதீர்கள்.

கண்காட்சிக்குப் போகும் நாளில் உறையும் காந்தத் தகடும் போட்டபடியே ஓட்டிச் சென்று, வண்டி நின்ற பிறகு கழற்றுங்கள், கிளம்பும்போது மறுபடி போடுங்கள். மரபுச் சான்றிதழ், ஏலச் சீட்டு, பணிக்காலப் படம் ஆகியவற்றின் நகல்களைக் கோப்பில் போட்டு வண்டியில் வைக்கலாம். அசல்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு காற்றுப்புகாத பெட்டியில் வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொட்டலத்தை மாற்றுங்கள்.